ஒரு கையால் திறக்கிற கத்தி

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டோர் ரூமில், ஓடாத ஃபேன்களும் கால் உடைந்த நாற்காலிகளும் குவிந்திருந்த மூலையில் உட்கார்ந்து, பானுமதி கத்தியை மடக்கும்போது கட்டைவிரலை வெட்டிக்கொண்டாள். திறப்பது அவளுக்கு வந்துவிட்டது. மடக்குவதுதான் வரவில்லை. பிடிக்குள்ளே இருக்கும் மெல்லிய தகட்டைக் கட்டைவிரலால் ஒரு பக்கமாகத் தள்ள வேண்டும், ஆள்காட்டி விரலால் அலகின் முதுகை அழுத்த வேண்டும், அலகு நகர ஆரம்பித்ததும் கட்டைவிரலை அதன் வழியிலிருந்து எடுத்துவிட வேண்டும். எல்லாம் ஒரே கையில். அவள் விரலை எடுக்கப் பிந்திவிட்டாள். ரத்தத்துக்கு முன்னால் கோபம் வந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு, செத்துப்போன புருஷனை மனதுக்குள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாள்.

டெலானிபூரில் இருக்கும் அந்த அரசு அலுவலகத்தில் அவளும் சுசீலாவும் தினக்கூலிகள். கூட்டுவது, ஃபைல் தூக்குவது, டீ போடுவது. டம்ளர் கழுவிய ஈரக் கையோடு உள்ளே வந்த சுசீலா கத்தியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அரே பாப்ரே! யாரைடி வெட்டப் போற?"

"இன்னும் முடிவு பண்ணல."

"எங்க வீட்டுக்காரர் பேரையும் சேத்துக்கோ. முதல் நம்பர்ல போடு, ப்ளீஸ்."

பானுமதி சிரிக்கவில்லை. சுசீலா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவள் விரலைப் பிடித்துப் பார்த்தாள். "பைத்தியமாடி உனக்கு? ஆம்பளைங்க வெளையாட்டு சாமான் இது. தூக்கிக் கடல்ல எறி" என்றாள். கடல் என்று சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் கத்தியை அவள் புருஷன் ஜெயராமன் சென்னையில், பர்மா பஜாரில் வாங்கினான். மெயின்லேண்டிலிருந்து திரும்பும் கப்பலில் கீழ்ப் படுக்கையில் அவள் பிளாஸ்டிக் பையில் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தாள். மேல் படுக்கையில் அவன் படுத்தபடி அதைத் திறந்து மடக்கிப் பழகினான். டக். கொஞ்ச நேரம் கழித்து, டக். தீவு வந்து சேருவதற்குள் அவனுக்குக் கை வந்துவிட்டது. அதற்குப் பிறகு டிவி முன்னால், பஸ் ஸ்டாப்பில், அவள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது என்று எந்நேரமும் அந்தச் சத்தம்தான். நண்பர்கள் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு செய்து காட்டுவான். "கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று ஒருநாள் அவள் கத்தியபோது, "கடல்ல ஒரு கை எப்பவும் எதையாவது புடிச்சிருக்கும் பானு. வேலை செய்யுறதுக்கு இருக்கறது ஒரு கைதான்" என்றான். பெரிய விஷயம் சொல்லிவிட்டவன் மாதிரி மறுபடியும் ஒரு டக்.

போன மழைக்காலத்தில், பொழுது சாயும் நேரம் வலை விடும்போது, ஈயக்குண்டு கோத்த கீழ்க்கயிறு அவன் காலில் சுற்றி இழுத்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் வேறு படகுக்காரர்கள் வலையைக் கண்டுபிடித்தார்கள். வலையில் அவன் இருந்தான். டுங்கியில், அவர்களுடைய அந்தச் சின்ன இஞ்சின் படகில், கூட இருந்தது கூட்டாளி அழகையா மட்டும்தான். "நான் இஞ்சின் பக்கம் குனிஞ்சிருந்தேன் மதினி. நிமிந்து பாக்குறதுக்குள்ள அண்ணனைக் காணோம்" என்று அவளிடம் சொன்னான். போலீஸிலும் அதையே சொன்னான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒரு கேரி பேக் கொண்டுவந்து கொடுத்தான். டார்ச், டிஃபன் டப்பா, ஒரு சட்டை, அந்தக் கத்தி. எல்லாம் டுங்கியில் கிடந்ததாகச் சொன்னான்.

அந்தக் கேரி பேக்கிலிருந்துதான் கோபம் தொடங்கியது. வருஷக்கணக்காக வீட்டில் காதைக் குடைந்துகொண்டிருந்த கத்தி, தேவைப்பட்ட ஒரே ஒரு நாளில் டிஃபன் டப்பாவோடு கிடந்திருக்கிறது. இடுப்பில் இருந்திருந்தால் அவனுக்கு ஒரு கை போதும். கண்ணைக்கூடத் திறக்க வேண்டாம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் விதி என்றார்கள், கடல் கொடுக்கும் எடுக்கும் என்றார்கள். அவள் தலையாட்டினாள். உள்ளுக்குள், விதி இல்லை, திமிர், அலட்சியம் என்று பல்லைக் கடித்தாள். அழுகை வர வேண்டிய இடத்திலெல்லாம் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒருநாள் அலமாரியிலிருந்து கத்தியை எடுத்துத் திறக்கப் பார்த்தாள். உப்பேறி இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்துத்தான் திறக்க முடிந்தது. அவனுக்கு வந்தது தனக்கு வராதா என்ற வீம்பு பிடித்துக்கொண்டது. தேங்காய் எண்ணெய் விட்டாள், பிசுபிசுத்தது. தையல் மெஷின் எண்ணெய் வாங்கி விட்டாள். வீடு இருந்த சிப்பிகாட்டுக்கும் டெலானிபூருக்கும் நடுவே பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும், முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு பழகினாள். கட்டைவிரலை அலகில் இருக்கும் குமிழின் மேல் வைத்து வெளிப்பக்கம் தள்ள வேண்டும், மேல்பக்கம் அல்ல. இது புரியவே அவளுக்கு வாரக்கணக்காயிற்று. நகம் உடைந்தது. கட்டைவிரலின் ஓரத்தில் தோல் காய்த்தது. அவன் கட்டைவிரலிலும் அதே இடத்தில் காய்ப்பு இருந்தது ஞாபகம் வந்தபோது கத்தியைத் தூக்கி எறிய வேண்டும்போல் இருந்தது. எறியவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டியபோது வலது கையைத் தாங்கிப் பிடித்தவள் அவள்தான். மணிக்கட்டின் உள்பக்கம் வரிசையாக நாலு சின்னப் பிறைகள் பதிந்திருந்தன. கயிற்றுத் தடம் என்றார்கள். கணுக்காலில் இருந்தது கயிற்றுத் தடம், அதையும் பார்த்தாள். கயிற்றுக்கு நகம் கிடையாது.

விரலை வெட்டிக்கொண்ட அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது தம்பி சிவபிரகாஷ் வாசலில் உட்கார்ந்து தூண்டில் முள்ளைத் தீட்டிக்கொண்டிருந்தான். எதிரே, ஒரு காலத்தில் வயலாக இருந்த இடத்தில், சுனாமியன்று உள்ளே வந்து திரும்பிப் போகாத உப்புத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. செத்த தென்னைகளின் அடிமரங்கள் அதற்குள் நின்றன. கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த டுங்கியின் மேல் ஒரு கொக்கு.

அவள் விரலில் இருந்த கட்டைப் பார்த்து அவன் சிரித்தான். "மச்சான் கத்தியா? குடுத்துரு அக்கா. அழகையா அண்ணனும் நானும் டுங்கிய எறக்கலாம்னு இருக்கோம். நீ சரின்னு சொன்னாப் போதும். கத்தி இஞ்சின்காரனுக்கு வேணும்."

"இஞ்சின்காரனுக்கு எதுக்கு?"

"இஞ்சின் விசிறியில கயிறு கியிறு சுத்திக்கிச்சுன்னா அறுக்கணும்ல. யாரு இஞ்சின்ல உக்காருறாங்களோ அவங்க இடுப்புலதான் கத்தி. ஏறுனதும் முதல்ல அதைத்தான் கை மாத்துவாங்க. அதுகூட உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. வீட்டில் அது எப்போதும் ஜெயராமன் சட்டைப்பையில்தான் இருந்தது. கடலில் அவன்தான் எப்போதும் இஞ்சினில் உட்காருவான் என்பதால் அங்கேயும் அவனிடமே இருந்திருக்கும். அன்று தோள் வலிக்கிறது என்று அழகையாவை இஞ்சினில் உட்கார வைத்தான். அதை அழகையாவே சொல்லியிருக்கிறான். அப்படியானால் கத்தி டப்பாவோடு கிடக்கவில்லை.

அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். கழுவிய அரிசியையே மறுபடி கழுவினாள். நாலு மாதமாக ஒருவனைத் திட்டியிருக்கிறாள். தூக்கத்திலிருந்து எழுந்தும் திட்டியிருக்கிறாள். அந்த நாலு மாதமும் வாரம் தவறாமல் அழகையா வந்து, வாசலில் மீனை வைத்துவிட்டு, உட்காராமல், டீ குடிக்காமல் போய்க்கொண்டிருந்தான். கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று தெருவே சொன்னது. அந்த நாலு பிறைகள் பதியப் பிடித்திருந்தது அழகையாவின் ஒரு கை. கத்தி இருந்தது இன்னொரு கையில். அதைத் திறக்க அவளுக்கு எத்தனை வாரம் ஆயிற்று என்பது அவளுக்குத்தான் தெரியும். அழகையாவுக்கு அது வருமா?

"ஞாயித்துக்கிழமை அவனை வரச் சொல்லு" என்று உள்ளே இருந்தபடி சொன்னாள். "டுங்கி விஷயமாப் பேசணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. அழகையா தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு வந்தான். நாற்பதைத் தொடப்போகிற, அகலமான கைகள் உள்ள ஆள். மீன் பையை நிலைப்படிக்கு வெளியே வைத்தான்.

"உள்ள வா."

"சேத்துக் காலு மதினி."

"வான்னா வா."

சமையலறை வாசல்வரை வந்து நின்றான். சிவபிரகாஷ் சுவரில் சாய்ந்துகொண்டான். வலை பழையதுதான், ஆனால் தாங்கும் என்றான் அழகையா. சும்மா கிடந்தால் வெயிலில் பலகை வெடித்துவிடும், தார் பூசிவிட்டேன், மழை விட்டதும் இறக்கிவிடலாம் என்றான். பேசும்போது தரையைத்தான் பார்த்தான்.

"இஞ்சின்ல யாரு?"

"நாந்தான் மதினி. சிவா வலை விடட்டும். கத்துக்குவான்."

அவள் கத்தியை எடுத்து, மடக்கியபடியே, அவன் வலது கையில் வைத்தாள். பிறகு தன் வலது கையை அவன் முன்னால் நீட்டினாள். "இந்தக் கைய உன் இடது கையால புடி."

"மதினி..."

"புடி."

"என்னக்கா, மேஜிக் ஷோவா?" என்றான் சிவபிரகாஷ்.

அழகையா அவள் மணிக்கட்டைத் தொட்டான். அண்ணன் பொண்டாட்டியின் கை என்பதால் விரல்கள் பட்டும் படாமலும் இருந்தன. "இப்படிப் பிடிச்சா நிக்குமா? இறுக்கிப் புடி" என்று சொல்லிவிட்டு அவள் கீழ்நோக்கி இழுத்தாள். எடை முழுவதையும் போட்டு இழுத்தாள். அவன் பிடி தானாகவே இறுகியது. அவன் குனிந்தான்.

"இப்பக் கத்தியத் திற. என்னை விடாம."

அவன் கட்டைவிரல் குமிழைத் தேடியது. வைத்து மேல்பக்கம் தள்ளியது. வழுக்கியது. அவள் இன்னும் இழுத்தாள். அவன் கத்தியைத் தொடையில் அழுத்தித் தள்ளிப் பார்த்தான், அலகு கொஞ்சம் எட்டிப்பார்த்துத் திரும்ப உள்ளே போனது. மழை தகரத்தில் சத்தமாக விழுந்தது. அவன் முகம் அவள் முகத்துக்கு மிக அருகில் இருந்தது, ஆனால் அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், கீழே, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மறுபடி ஒரு இழுப்பு இழுத்தாள். அவனுடைய இடது கை அவளை விட்டுவிட்டு, ஓடிப்போய், அலகைப் பிடித்தது.

டக்.

அவள் தரையில் உட்கார்ந்துபோனாள். அடுப்பு மேடையைப் பிடித்து எழுந்தபோது அவன் அப்படியே நின்றிருந்தான். திறந்த கத்தி அவனுடைய இரண்டு கைகளுக்கும் நடுவே இருந்தது. அதை அவன் வேறு யாருடைய கைகளிலோ பார்ப்பதுபோல் பார்த்தான்.

"'அண்ணே, ஒரு நிமிஷம்'னு சொல்லிட்டுத்தான் விட்டேன்" என்றான்.

சிவபிரகாஷ் சுவரிலிருந்து நிமிர்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னண்ணே? என்ன சொல்றீங்க?"

பானுமதிக்கு அழகையாவை அறைய வேண்டும்போல் இருந்தது. அந்த மீன் பையை எடுத்து அவன் மூஞ்சியில் விசிற வேண்டும்போல் இருந்தது. கை தூக்கக்கூட முடியாத அளவுக்கு உடம்பு முழுக்க ஆத்திரம் அடைத்துக்கொண்டு நின்றது. "நாலு மாசமா செத்தவரைத் திட்டிக்கிட்டிருக்கேன்டா நான்" என்றாள். குரல் உயரவில்லை. "நாலு மாசமா. நீ மீனு கொண்டாந்து வெச்சிட்டுப் போற."

அவன் நனைந்த சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டி, சேற்றுக் காலடியைச் சுற்றிப் பரவியது. திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தாள். அவன் போகவில்லை.

அவள் அவனிடமிருந்து கத்தியை வாங்கினாள். தகட்டைத் தள்ளி, அலகை அழுத்தி, விரலை வழியிலிருந்து எடுத்து, ஒரே கையில் மடக்கினாள். இந்தத் தடவை வெட்டவில்லை. வலை விடப்போகிற தம்பியை ஒரு தடவை பார்த்துவிட்டு, மடக்கிய கத்தியை மறுபடி அழகையாவின் வலது கையில் வைத்தாள்.

அவளுடைய மணிக்கட்டின் உள்பக்கம் நாலு நகத்தடங்கள் வெளுத்திருந்து, மெல்லச் சிவந்துகொண்டிருந்தன. அந்தக் கையையே நீட்டினாள்.

"மறுபடி புடி."