முப்பதாம் நாள் முக்காலி

சட்டை சோதிக்கும் கூடத்தில் நாற்பது மேசைகள் இருந்தன. நாற்பது பெண்கள் இருந்தனர். உட்கார ஓரிடம் இல்லை. தைத்து வரும் சட்டையை விரித்து, பிசிறு நறுக்கி, பொத்தானை இழுத்துப் பார்த்து, மடித்து நகர்த்த வேண்டும். நாளுக்கு ஒன்பது மணி நேரம். நின்றால்தான் கண் கூர்மையாக இருக்குமாம்! அப்படிச் சொன்ன மேற்பார்வையாளர் சுழல் நாற்காலியில் அமர்ந்தே நாற்பது பேரையும் கண்காணித்தார். அவர் கண் மட்டும் எப்படி மழுங்காமல் இருந்தது என்று கேட்க, அங்கே ஒருத்திக்குத்தான் வாய் இருந்தது.

அவளை மனுக்காரி என்றார்கள். மாதத்தின் முதல் வேலைநாளில் அலுவலகச் சன்னலில் மனுவை நீட்டுவாள்: ‘உட்கார இருக்கை வேண்டும்.’ தபால் எழுத்தர் முத்திரை குத்தாமல் எந்தக் காகிதத்தையும் தொடமாட்டார். மனுவில் ஒரு குத்து, நகலில் ஒரு குத்து. மனு குப்பைக்கூடைக்குப் போகும். நகல் அவள் வீட்டுத் தகரப்பெட்டிக்கு வரும். முதல் மனுவில் நாற்பது கையொப்பங்கள். ஆண்டு முடிவதற்குள் பதினொன்று. மூன்றாம் ஆண்டின் இறுதியில், கடைசியாக மிஞ்சியிருந்த அடுத்த மேசைக்காரியும் விலகினாள். வாய்த்துடுக்கால் ஊசிவெடி என்று பெயரெடுத்தவள் அவள்.

“என் பேரை அடிச்சிட்டேன். உன் மனுவைத் தின்னு தின்னு கழுதைக்கே அஜீரணமாயிருக்கும்.”

“அது சலிச்சுப்போற வரைக்கும் எழுதறேன்.”

அதன்பின் பதினாறு ஆண்டுகள் ஒற்றைக் கையொப்பம். தலைமை என்றால் மேடையும் கைத்தட்டலும் என்று நினைப்போர் நினைக்கட்டும். பின்னால் ஒருவரும் வராத சாலையில் முன்னால் நடப்பதற்கும் அதுதான் பெயர். அந்த நடைக்கு அவள் கால் விலை கொடுத்தது. கெண்டைக்கால் நரம்புகள் முறுக்கேறிப் புடைத்தன, புடைத்தவை வெடித்துப் புண்ணாயின, முழங்கால் இறுகிப்போயிற்று.

பத்தொன்பதாம் ஆண்டின் முடிவில், அவள் அனுப்பிய புகாரின் பேரில் தொழிலாளர் ஆணையர் இரு தரப்பையும் விசாரணைக்கு அழைத்தார். நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்து, “இத்தனை ஆண்டுகளில் இருக்கை வேண்டும் என்று எவரும் கேட்டதே இல்லை” என்றார். மனுக்காரி தகரப்பெட்டியைத் திறந்தாள். இருநூற்று இருபத்தெட்டு நகல்கள். ஒவ்வொன்றிலும் அதே நிறுவனத்தின் முத்திரை, தேதியோடு. வழக்கறிஞர் உட்கார்ந்துவிட்டார்.

நாற்பது முக்காலிகள் வந்தன. ஆனால் ஆணையர் பிறப்பித்த ஆணையின் கடைசி வரியில் ஒரு கொக்கி இருந்தது: முப்பது வேலைநாளுக்குள் தொழிலாளர்கள் பயன்படுத்தாவிட்டால், தேவையில்லை எனக் கருதி நிர்வாகம் அவற்றை அகற்றிக்கொள்ளலாம்.

உட்காராதே என்று யாரும் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் குறிப்பேட்டைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றி, சும்மா பார்த்தார். அது போதுமானதாக இருந்தது. முதல் நாள் மனுக்காரி தன் முக்காலியை இழுத்தபோது அவர் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“அந்தம்மா உக்காரட்டும், பாவம், கால்ல புண்ணு. நோயாளிக்குத்தானே ஸ்டூலு!”

பாதி குனிந்தவள் நிமிர்ந்தாள். தான் முதலில் உட்கார்ந்தால், கூடத்துக்கே உரிய இருக்கை ஒரு நோயாளியின் சலுகையாகிவிடும். புரிந்துவிட்டது. அந்தக் காலில் அறுவைச் சிகிச்சை செய்ய மருத்துவர் நாள் குறித்திருந்தார். அதையும் முப்பது வேலைநாள் முடியும்வரை தள்ளிவைத்துவிட்டு நின்றாள். இருபத்தொன்பது நாட்கள், நாற்பது இருக்கைகளுக்கு நடுவே நாற்பது பேரும் நின்றார்கள். அடிமைத்தனத்துக்கு விலங்கு எதற்கு? பழகிய கால் போதாதா?

முப்பதாம் நாள். வேலை முடிய அரைமணி இருந்தது. மனுக்காரியின் காலில் சுற்றிய துணிக்கட்டைத் தாண்டிக் கசிந்த இரத்தம் செருப்பை நனைத்து, அவள் நகரும்போதெல்லாம் சிமெண்டுத் தரையில் தடம் பதித்தது.

“ஏன்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு?” என்றாள் ஊசிவெடி, சட்டையிலிருந்து கண்ணெடுக்காமல். “உக்காந்து தொலையேன்.”

“நான் உக்காந்தா அது வைத்தியம். நீ உக்காந்தாத்தான் நியாயம்.”

“பிரசங்கம் பண்ணாதே. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு.”

“தெரியும். அதான் பதினாறு வருஷமா உன்னை ஒண்ணும் கேக்கலை.”

“இப்பவும் கேக்காதே.”

“கேக்கலையே. பொத்தானைப் பாரு.”

ஊசிவெடி பொத்தானைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு காலால் முக்காலியை இழுத்தாள். அது சிமெண்டில் உராய்ந்த கிறீச்சொலிக்குக் கூடமே திரும்பியது. அவள் உட்கார்ந்தாள்.

மேற்பார்வையாளர் எழுந்து வந்தார். குரல் கனிவாக இருந்தது. “என்னம்மா, உடம்பு சரியில்லையா?”

தப்பிக்க ஒரு வாசல் அது. ஆமாம் என்றால் போதும்.

“கல்லு மாதிரி இருக்கேன் சார். உக்காரணும்னு இருந்துச்சு, உக்காந்தேன். எழுதிக்குங்க. பேரை முழுசா எழுதுங்க. ஒரு தடவை அடிச்ச பேரு அது.”

பேனா எழுதியது. கடைசி வரிசையில் ஒரு முக்காலி நகர்ந்தது; பக்கத்திலேயே இன்னொன்று. பதினேழு பேர் உட்கார்ந்தார்கள். மனுக்காரி நீங்கலாக இருபத்திரண்டு பேர் தலை குனிந்து நின்றார்கள். முக்காலிகளை இனி எவராலும் அகற்ற முடியாது.

“இப்பவாவது உக்காரு,” என்றாள் ஊசிவெடி. அவள் குரலில் வெடி இல்லை.

மனுக்காரி மேசையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்தாள். முழங்கால் மடங்கவில்லை. இன்னொரு முறை முயன்றாள். கால் கட்டை போல் நீண்டே இருந்தது. நாளை மருத்துவமனையில் படுக்கை காத்திருந்தது. அறுவைக்குப் பின் இந்தக் கூடத்துக்கு அவள் திரும்புவதாக இல்லை.

“அப்புறம் பாத்துக்கலாம்,” என்றாள்.

மேசையில் இன்னும் இரண்டு சட்டைகள் இருந்தன. நின்றபடியே ஒன்றை விரித்தாள்.