ஆட்டோவில் கட்டிய பட்டம்

தாராவியில் தோல்பைக் கடை வைத்திருக்கும் தங்கபாண்டிக்கு ஞாயிற்றுக்கிழமையானால் நெருள் மைதானம்தான். ஆளையே இழுத்துக்கொண்டு ஓடும் ராட்சதப் பட்டம் ஒன்று வாங்கி வைத்திருந்தான். அன்று மாலை காற்று சுழற்றியடித்ததில் பட்டம் தரையில் விழுந்து, அதன் நான்கு நூலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

சிக்கெடுக்க அவனுக்கு ஏது பொறுமை? டீக்கடையிலிருந்து நண்பன் பஞ்சு வேறு கூப்பிடுகிறான். ஓரமாக நின்ற ஆட்டோவின் பின்கம்பியில் நூலின் கைப்பிடிகளைக் கட்டிவிட்டு நடந்தான்.

"ஏங்க, வண்டி கெளம்புனா என்ன செய்விய?" என்றாள் மனைவி கனகவள்ளி.

"டிரைவரு தூங்குதாரு ளா. சல்த்தா ஹை!"

போகட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். பம்பாயில் பாதிப் பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது இந்தச் சொல்தான்.

அவன் டீயை வாயில் வைக்கும் முன்பே டிரைவர் மெஹராஜ் எழுந்து வண்டியைக் கிளப்பிவிட்டார். நூல் விறைத்து, பட்டம் காற்றை அள்ளிப் புடைத்து எழுந்தது. கனகவள்ளி ஓடிப்போய் ஆட்டோவுக்குக் குறுக்கே கையை விரித்துக் கூச்சலிட்டபடி நின்றாள்.

"ஹட்டோ, ஹட்டோ!" விலகச் சொல்லி மெஹராஜ் ஹாரனை அலறவிட்டார். கூட்டம் கூடிவிட்டது.

தங்கபாண்டி பதறி ஓடிவந்தான். "மானத்த வாங்காத ளா, நகரு!"

"நகர மாட்டேன். அந்தப் பாதையப் பாருங்க!"

மைதானத்துப் பாதையில் வந்த ஸ்கூட்டர்காரப் பெண் கனகவள்ளி போட்ட கூச்சலில் பிரேக் பிடித்திருந்தாள். அந்தப் பெண்ணின் கழுத்துக்கு ஒரு முழம் முன்னால் நூல் கம்பிபோல் நின்றது. கனகவள்ளி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அவ வூட்டுல போயும் சல்த்தா ஹைன்னு சொல்லுவியளோ?"

மெஹராஜ் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். நூல் தளர்ந்து பட்டம் சரிந்தது. கனகவள்ளி அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். அது மறுபடி எழும்பாதபடி தங்கபாண்டி இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் பட்டத்தின் ஓரத்தில் கொட்டினான். பிறகு கைப்பிடிகளை அவிழ்த்து, இழுக்காமல் பறிக்காமல், ஒவ்வொரு நூலாகத் தளர்த்திச் சிக்கெடுக்க உட்கார்ந்தான்.

பஞ்சு வந்து சிரித்தான். "பொண்டாட்டிக்குப் பயந்துட்டியால? நூல அறுத்துப் போட்டுட்டு வால, வூட்டுக்குப் போற டிரெயின் போயிரும்!"

தங்கபாண்டி தலை நிமிர்ந்தான்.

"டிரெயின் போனா அடுத்தது வரும்ல. அறுத்துப் போட்ட நூல்ல ஒருத்தன் கழுத்து போனா வருமா? நம்ம வெளையாட்டு நம்ம கையிலதான் முடியணும், ஊரான் கழுத்துல முடியக்கூடாது. நீ வேணா போ. கடைசி நூலச் சுத்தாம நான் எந்திரிக்க மாட்டேன்!"