அக்கா வீட்டில் மட்டும் நல்ல காற்று

1

இந்தக் கதை ஒரு பவுடர் டப்பாவிலிருந்து வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைச் சமூக அக்கறையுள்ள எழுத்தாளர் என்று நினைத்து யாராவது மேடையேற்றிவிடுவார்கள். காற்று மாசு பற்றி எழுதவேண்டும் என்று நான் உட்காரவில்லை. அக்கா வீட்டுக்காரரைக் கொஞ்சம் கிண்டல் செய்யலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[நகரத்தின் நுரையீரல் மெல்லக் கறுத்துக்கொண்டிருந்தது. அதை அறிந்த ஒரே குடிமகன்]

அடித்துவிட்டேன். நகரத்துக்கு நுரையீரல் கிடையாது. அக்காவுக்குத்தான் இருக்கிறது, அதுவும் அடிக்கடி தகராறு செய்கிறது. அடுத்த தொடக்கம்:

[அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்.]

இது பரவாயில்லை.

2

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணைச் சோதிப்பதும் அவரே. சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிற ஆட்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. "என்னை ஏமாத்திட்டுப் போய் ரோட்டுல யார் மேல இடிக்கப் போறீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார்.

அவர்கள் தெருக்கோடியில் கான்கிரீட் கலக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதன் லாரிகள் தெரு வழியாகவே போய் வருகின்றன. தெருக்காரர்கள் புகார் கொடுத்தபோது நகர அலுவலகத்தில், "அளந்து காட்டுங்க, லாரியைச் சுத்து வழியில விடலாமான்னு பாப்போம்" என்று சொல்லி அனுப்பினார்கள். எனவே ஒரு குழு அமைத்தார்கள். டிபன் பாக்ஸ் அளவில் தூசி அளக்கும் கருவிகளை வாங்கி வீட்டுக்கு வீடு பால்கனியில் மாட்டினார்கள். கருவி அளந்தது செல்போனுக்கு வரும். வரைபடத்தில் ஒவ்வொரு வீடும் ஒரு வட்டம். பச்சை என்றால் நல்ல காற்று, மஞ்சள் சுமார், சிவப்பு மோசம். குழுவுக்கு அத்தான்தான் தலைவர். வேறு யாருமே நிற்காத தேர்தலில் அமோக வெற்றி.

(* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. தூசி அளக்கும் கருவியிலேயே தூசி இருக்கலாமா என்று சில வீடுகளில் அதைத் தினமும் துடைத்தார்கள். ஒரு வீட்டில் அளவெடுத்து உறை தைத்துப் போட்டார்கள். விருந்தாளி வரும் நாளில் தன் வீடு சிவப்பாகத் தெரிவது கௌரவக் குறைச்சல் என்று ஓர் அம்மாள் கருவியை அணைத்தே வைத்தார். அத்தான் வீடு வீடாக ஏறி இறங்கி, உறையைக் கழற்றி, எல்லாருக்கும் வகுப்பு எடுத்தார். குழு என்றால் அவருக்கு அவ்வளவு உயிர்.)

3

கதைக்கு விவரம் வேண்டுமே என்று நானும் வரைபடத்தைத் திறந்தேன். தெரு முழுக்கச் சிவப்பு. நட்டநடுவில் அக்கா வீடு மட்டும் பச்சை.

தினமும் காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, அந்தப் பச்சை திடீரென்று சிவந்து, சற்று நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல் பச்சையாகிவிடும். எந்த லாரியும் இவ்வளவு ஒழுங்காக வராது. ஆனால் இந்த ஒழுங்கு எனக்குப் பழக்கமானது. அக்கா முகம் கழுவிப் பவுடர் போடும் நேரம் அது. அவள் போடும் பவுடரில் பாதி முகத்துக்கு, மீதி அறைக்கு.

அக்கா நடக்கப் போயிருந்த நேரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பால்கனியில் தொங்கியது கருவியின் வெறும் மேல்மூடி. படுக்கையறையில் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். பீரோ மேல், பழைய பெட்டிக்குப் பின்னால், கருவி சுகமாக உட்கார்ந்திருந்தது.

4

[அவள் கடைக்குள் நுழைந்தபோது அவன் முகத்தில் குற்றவுணர்ச்சியின் நிழல்]

நிழலும் இல்லை, ஒன்றும் இல்லை. கடையில் என் முகத்தைப் பார்த்ததுமே "பாத்துட்டியா?" என்றார் அத்தான்.

"எதுக்கு அத்தான் இப்படி?"

"மாட்டின நாள்லேருந்து எப்பப் பாத்தாலும் சிவப்பு. உங்கக்கா போனைக் கையில வச்சுக்கிட்டு ஜன்னலோரமா உக்காந்துட்டா. நடக்கப் போறதில்ல, சரியாச் சாப்பிடறதில்ல. அந்த வட்டத்தைப் பாத்தாலே எனக்கு மூச்சு இழுக்குதுங்கிறா. டாக்டர் நடந்தே ஆகணும்னு சொல்லியிருக்கார். நான் என்ன பண்றது? பச்சையாக்கிட்டேன். இப்ப நடக்கிறா. சிரிச்சுக்கிட்டே நடக்கிறா."

"லாரிங்களுக்கு நடுவுலயா?"

அவர் ஒரு கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"பலகையை மனப்பாடம் பண்ணிட்டு வர்றவங்ககிட்ட நீங்க என்ன கேப்பீங்க, அத்தான்?"

"உனக்கென்ன, கதை எழுதறவ. எல்லாத்துக்கும் வசனம் வச்சிருப்பே" என்றார். பிறகு குரலை இறக்கி, "அவகிட்ட சொல்லிடாதே" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் பாதிதான் வந்தது. எனக்காக இப்படி ஒரு கிறுக்குத்தனம் செய்ய யார் இருக்கிறார்கள் என்று பொறாமையாகவும் இருந்தது. ஆனால் குழு தன் அளவுகளை அலுவலகத்தில் கொடுக்கவேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "உங்க தலைவர் வீட்டுலயே காத்து நல்லா இருக்கே" என்று அவர்கள் கேட்டால் லாரிகள் காலகாலத்துக்கும் அந்தத் தெருவிலேயே ஓடும்.

5

இங்கேதான் கதை மாட்டிக்கொண்டது. நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பது அக்கா.

எனவே வேடம் போட்டேன். அக்காவை ஓய்வு பெற்ற ரயில் நிலைய அதிகாரியாக்கினேன், மீசையோடு. அத்தானை அவருடைய மருமகனாக்கினேன். கண்ணாடிக் கடையைக் கடிகாரக் கடையாக்கினேன். இரண்டு முடிவுகளும் தயார் செய்தேன். ஒன்று: கருவி பழுதாகிறது, யாருக்கும் எதுவும் தெரியாமல் போகிறது. (கோழைத்தனம்.) இரண்டு: நல்ல மழை பெய்து காற்று தானாகவே சுத்தமாகிறது. (சினிமா.)

அக்கா பென்சிலும் கையுமாகப் படித்தாள். பாதியில் நிமிர்ந்தாள்.

"இவ்ளோ பெரிய மீசை வச்ச ஆம்பளை, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை எதுக்குடி இப்படிக் கொட்டிக் கொட்டிப் பவுடர் போடுறான்?"

"அவருக்கு ரொம்ப வேர்க்கும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். படுக்கையறைக் கதவைப் பார்த்தாள். "பீரோ மேலயா?" என்றாள்.

ஆளை மாற்றிய நான் பவுடரையும் பீரோவையும் மாற்ற மறந்திருந்தேன். எழுத்தாளராம்.

6

அழுவாள் என்று நினைத்தேன், அல்லது கத்துவாள் என்று. இரண்டும் இல்லை.

"எனக்கு இழுக்கும்போதெல்லாம் எடுத்துப் பாத்தா பச்சையா இருக்கும்டி. காத்து நல்லாத்தான் இருக்கு, என் மூச்சுதான் கெட்டுப்போச்சு, இனிமே நான் தேற மாட்டேன்னு நெனச்சுட்டேன். அவர்கிட்ட சொன்னா பயந்துடுவார். அதான் சிரிச்சுக்கிட்டே நடந்தேன்."

(இந்த இடத்தில் நான் கிண்டலாக ஏதோ எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.)

"நமக்குள்ளயே இருந்திருந்தாலும் பரவாயில்ல" என்றாள் பிறகு. "பால்கனி இல்லாத கீழ் வீட்டுப் பொண்ணு நம்ம வட்டத்தைப் பாத்துத்தான் கைக்குழந்தையை வெளிய தூக்கிட்டுப் போறா. நேத்து அந்தக் குழந்தை அப்படி இருமுது."

"நான் எடுத்து வெளிய மாட்டிடட்டுமா, அக்கா?"

"ஏன், எனக்கு ஸ்டூல்ல ஏறத் தெரியாதா? அவர்தான்டி எடுக்கணும். வச்சவர் எடுக்கட்டும். நீ அந்த மீசைக்காரனைத் தூக்கிப் போட்டுட்டு, நடந்ததை நடந்தபடியே எழுது. முடிவு மட்டும் எழுதாதே. அவர்கிட்ட குடு."

"அத்தான் கதையெல்லாம் படிக்க மாட்டாரே."

"நான் சொன்னா படிப்பார்."

7

ஆகவே இதுவரை படித்து வந்த வாசகர்கள் மன்னிக்கவேண்டும். நீங்கள் உட்கார்ந்திருந்தது வேறொருவர் நாற்காலியில். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தான், நீங்கள் படிப்பதற்குத்தான் இவ்வளவும். நாளைச் சாயங்காலம் குழுவின் கூட்டம். ஒரு வட்டத்தைத் திருத்தச் சொல்லித் தலைவரே எழுந்து நின்று கேட்பது லேசான காரியம் இல்லை. உறை தைத்த வீட்டுக்காரர்கள் உங்களைச் சும்மா விடமாட்டார்கள், நன்றாகவே சிரிப்பார்கள். நானாக இருந்தால் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடுவேன்.

அக்கா உங்களிடம் ஒன்று சொல்லச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "சிவப்புன்னா சிவப்புன்னே சொல்லச் சொல்லு. அன்னைக்கு நான் வீட்டுக் கூடத்துலயே நடந்துக்கறேன். தனியா நடக்கத்தான் பயமா இருக்கு. கூட வந்து நடக்கச் சொல்லு."

இப்போது அவள் அடுக்களையில் இருக்கிறாள். நீங்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று பாத்திரத்தை உருட்டிக்கொண்டே எட்டி எட்டிப் பார்க்கிறாள். இதுதான் கடைசிப் பக்கம். கடைசி வரியைப் பாதி எழுதிவிட்டேன், மீதி உங்கள் கையில்:

[கதையைப் படித்து முடித்த அத்தான் காகிதத்தை மடித்து வைத்தார். படுக்கையறைக்குள் போய், ஸ்டூலைப் பீரோவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு,