வாழை மரத்துக்கு விட்ட அம்பு

என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டிக்கு ஒரு வியாதி உண்டு. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் சும்மா இருக்காது. யாரும் கேட்காத வாக்கைக் கொடுத்துவிட்டு வீடு வந்து சேருவார். அதை நிறைவேற்றுகிற பாடு எனக்கும் மகளுக்கும். போன நவராத்திரிக்கு முன்னால் கோயில் கமிட்டிக் கூட்டத்திலும் அதுதான் நடந்தது. இந்த வருசம் விஜயதசமிக்கு அம்மன் சார்பில் அம்பு விடப்போவது தன் மகள் மாரீஸ்வரி என்று எழுந்து நின்று சொல்லிவிட்டார். மகளையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. ஊரே கை தட்டியதாம். தட்டாமல் என்ன செய்வார்கள், கல்லூரியில் படிக்கிற பெண், மாநிலப் போட்டியில் மெடல் வாங்கியவள், காசில்லாமல் வந்து அம்பு விடுகிறாள் என்றால் கசக்குமா?

எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டியைத் தாண்டி உள்ளே இருக்கிற சின்ன ஊர். சுற்றிலும் திராட்சைப் பந்தல். விஜயதசமி சாயங்காலம் அம்மன் மரக்குதிரையில் ஏறி ஊருக்கு வெளியே பொட்டலுக்கு வருவாள். அங்கே ஒரு வாழை மரத்தை நட்டு வைத்திருப்பார்கள். அதுதான் அரக்கன். பூசாரி வைகுண்டராஜ் மூங்கில் வில்லை வளைத்து அம்பு விடுவார். அந்த அம்பு வாழை வரைக்கும் போய்ச் சேர்ந்தாலே பெரிய விசயம். பாதி வழியில் விழுந்துவிடும். விழுவதற்குள் ஊர் ஜனம் ரெண்டு பக்கத்திலிருந்தும் பாய்ந்து விழுந்து பிடுங்கும். யார் கையில் அம்பு சிக்குகிறதோ அவர் அதைத் தன் தோட்டத்துப் பந்தல் கல்தூணில் கட்டுவார். அந்த வருசம் கொடிக்கு நோய் அண்டாது என்று நம்பிக்கை. எங்கள் தோட்டத்துக்கு அந்த அம்பு ஒருமுறைகூட வந்ததில்லை. என் வீட்டுக்காரருக்கு அதில் பெரிய மனக்குறை.

மாரீஸ்வரி கேட்டதும் முடியாது என்றுதான் சொன்னாள். அவளுக்குக் காரணம் இருந்தது. தேனியில் அவள் பழகுகிற மைதானத்தில் ஒரு விதி உண்டு. விசில் அடிக்கிறவரை கோட்டைத் தாண்டி யாரும் கால் வைக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற எனக்கே அது மனப்பாடம். ஒரு நாள் அவளுடைய சிநேகிதி பிரின்சி ஏதோ யோசனையில், விசிலுக்கு முன்னாலேயே அம்பு எடுக்க நடந்துவிட்டாள். மாரீஸ்வரி விட்ட அம்பு பிரின்சியின் துப்பட்டாவைத் துளைத்துக்கொண்டு போனது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டேதான் வந்தாள். என் மகள்தான் வீட்டுக்கு வந்து காய்ச்சலில் படுத்தாள். அதன் பிறகு வில்லைத் தொடவே மாட்டேன் என்று கிடந்தவளை பயிற்சியாளர் ஸ்டான்லி சார் வீடு தேடி வந்து பேசித் திருப்பிக் கூட்டிப்போனார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் அன்றோடு விட்டுவிடுவேன் என்று அவள் சொல்லிவிட்டுத்தான் போனாள். சொன்னால் செய்கிற ஜாதி.

அவள் அப்பாவுக்கோ வில் என்றால் விளையாட்டுச் சாமான். ஒருமுறை மச்சினன் வந்திருந்தபோது, மகளின் வில்லை எடுத்து அம்பே வைக்காமல் நாணை இழுத்து விட்டார். பட்டாசு வெடித்தமாதிரி சத்தம். வில்லின் மேல்பாதித் தண்டு விரிசல் விட்டது. அம்பு இருந்தால் நாணின் வேகத்தை அது வாங்கிக்கொண்டு போகும், இல்லையென்றால் வில்லே வாங்கிக்கொள்ளும், சில்லு தெறித்து கண்ணே போயிருக்கும் என்று ஸ்டான்லி சார் ஃபோனில் விளக்கினார். இவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, நல்ல கம்பெனி வில்லாகப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும் என்றார். இந்த மனுசனோடுதான் நான் இத்தனை வருசம் குப்பை கொட்டுகிறேன்.

கடைசியில் ஊர் கெஞ்சியது, பூசாரியே வந்து கேட்டார், அவள் ஒப்புக்கொண்டாள். ஆனால் நிபந்தனை போட்டாள். வாழைக்குப் பின்னால் தேங்காய் நார்க்கழிவு மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்க வேண்டும். அவள் நிற்கிற இடத்துக்குப் பின்னால் கயிறு கட்டி, ஊர் முழுக்க அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். அவள் கூப்பிட்ட பிறகுதான் அம்பு எடுக்கப் போகலாம். நாலு திசைக்கும் ஆகாயத்துக்கும் அம்பு விடுகிற வழக்கத்தை அவள் கேட்கவே தயாராயில்லை. வாழைத்தண்டு வெறும் தண்ணீர், தன் அம்பு அதில் நிற்காது, பின்னால் இருக்கிற மூட்டைதான் நிறுத்தணும் என்று கமிட்டியில் பொறுமையாகச் சொன்னாள். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். பாய்ந்து எடுக்காவிட்டால் அது என்ன அம்பு என்று ஒருவர் கேட்டார். எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு என்று என் வீட்டுக்காரர் நெஞ்சைத் தட்டிக்கொண்டார்.

விஜயதசமி அன்று வெயில் சாய்ந்த நேரத்தில் அம்மன் பொட்டலுக்கு வந்தாள். மேளம், வாணம், ஒலிபெருக்கி, கூட்டம். மூட்டையும் சொன்னபடி அடுக்கியிருந்தது, கயிறும் கட்டியிருந்தது. மாரீஸ்வரி மதியமே வந்து மூட்டைகளைத் தட்டிப் பார்த்து, பின்பக்கம் சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். பூசாரி வில்லுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மேளத்தை நிறுத்தச் சொன்னார். அவள் ஒருமுறை வலமும் இடமும் பார்த்தாள். அம்பைப் பூட்டி, நாணைத் தாடை வரைக்கும் இழுத்தாள்.

அவள் விடவில்லை. இழுத்தபடியே நின்றாள். தோள் நடுங்க ஆரம்பித்தது எனக்குத் தெரிந்தது. பிறகு, நாணைக் கையிலிருந்து நழுவவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி வில்லை இறக்கினாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பூட்டிய அம்பை இறக்குவது ஆகாது என்று யாரோ சொன்னார்கள். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்தாள்.

"அப்பா எங்கம்மா?"

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. இந்த நேரத்தில் அப்பா எதற்கு? அப்புறம்தான் உறைத்தது. இவ்வளவு நேரம் அவர் சத்தமே கேட்கவில்லை. எந்தப் போட்டிக்குப் போனாலும் மகள் வில்லைத் தூக்கினால் போதும், "விடு தாயி" என்று தொண்டை கிழியக் கத்துகிற மனுசன். அதற்காகவே அவரை வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் நிற்க வைப்பார் ஸ்டான்லி சார். சொந்த ஊர்ப் பொட்டலில், சொந்த மகள் அம்பு விடும்போது, அவர் வாயை மூடிக்கொண்டு எங்காவது நிற்பாரா?

ஜெனரேட்டர் பக்கம் போயிருப்பார் என்றார்கள். டீ குடிக்கப் போயிருப்பார் என்றார்கள். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. பூசாரி நேரம் போகிறது என்று அவசரப்பட்டார். அவருக்கும் இருட்டுவதற்குள் அம்மனைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே.

"நல்ல நேரம் தாண்டுது தாயி. அப்பா எங்கனயாச்சும் நின்னுக்கிட்டு இருப்பாக. நீ விடு."

மாரீஸ்வரி அம்பை உருவி அம்பறாத்தூணியில் போட்டாள். வில்லைத் தரையில் வைத்தாள்.

"அப்பாவக் கண்ணுல பாக்காம விட மாட்டேன்," என்றாள். "நேரம் தாண்டுனா தாண்டட்டும்."

ஊர் முழுக்க நின்று பார்க்கிறது, அம்மன் குதிரையில் காத்திருக்கிறாள், என் மகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். பின்னால் நின்ற பெண்கள் படித்த திமிர் என்று பேசியது என் காதுபடத்தான். எனக்குக் கோபம் வந்தது, பயமும் வந்தது. கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனேன். வில் தரையில் கிடக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அந்த அம்புக்கு அவர் ஏங்குகிற ஏக்கம் ஞாபகம் வர, நேரே மூட்டைகளைச் சுற்றிப் பின்பக்கம் போனேன்.

அங்கே முட்டி போட்டு நின்றிருந்தார் என் வீட்டுக்காரர். நெஞ்சு உயரத்தில், வாழை பாதி மறைத்திருந்த ஒரு மூட்டையை இழுத்துத் தரையில் தள்ளியிருந்தார். அந்தச் சந்தில் ஃபோனை நீட்டிப் பிடித்து, அதற்குப் பின்னால் முகத்தை வைத்து, வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அம்பு எதிரே வருவதைப் படம் பிடிக்க வேண்டுமாம். வந்து விழுந்ததும் முதல் ஆளாக அதை எடுத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டுமாம். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து, போ போ என்று கையாட்டினார். கூப்பிட்டது கேட்டதா என்றேன். கேட்டது, எழுந்தால் வேறு எவனாவது இடத்தைப் பிடித்துவிடுவான் என்றார்.

சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரைத் தொட்டு இழுத்ததில்லை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு கூடச் சேர்ந்து சிரித்தார். மாரீஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. தானே போய் அந்த மூட்டையைத் தூக்கி பழைய இடத்தில் திணித்தாள். இன்னொரு தடவை பின்பக்கம் சுற்றிப் பார்த்தாள். அப்பாவைக் கயிற்றுக்குப் பின்னால், என் பக்கத்தில் நிறுத்தினாள். அவர் கையை நான் விடவில்லை.

பிறகுதான் அம்பைப் பூட்டினாள். இந்த முறை தாமதிக்கவில்லை. இழுத்தாள், விட்டாள். அம்பு போனது யாருக்கும் தெரியவில்லை, வாழையில் டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குலவை கிளம்பியது. ஒருவர்கூடப் பாயவில்லை. "இப்ப வரலாம்," என்று அவள் சொன்ன பிறகுதான் ஜனம் மெதுவாக நடந்தது.

வாழைத்தண்டில் அம்பு இல்லை. ஓரமாக ஒரு ஓட்டைதான் இருந்தது, அதிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. காற்று லேசாகத் தள்ளியதில் தண்டின் ஓரத்தைத் துளைத்துவிட்டு அம்பு பின்னாலிருந்த மூட்டையில் பாதிக்கு மேல் புதைந்து நின்றது. எந்த மூட்டை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் அதன் முன்னால் நின்றார். தன் முகம் இருந்த உயரத்தை அவர் கண் அளந்ததை நான் பார்த்தேன். அம்பைப் பிடுங்கக் கை நீட்டியவர், தொடாமலேயே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். ஆத்தா காப்பாத்திட்டா என்று பூசாரி கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். மனசுக்குள் என் மகளையும் சேர்த்துத்தான் கும்பிட்டேன்.

மாரீஸ்வரி குனிந்து அப்பாவின் முகத்தை ரெண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். கண், கன்னம், நெற்றி என்று ஒவ்வொன்றாகத் தடவினாள். எதுவும் திட்டவில்லை. அடுத்த ஞாயிறு தேனிக்கு வருவாளா என்று மட்டும் எனக்குத் திக்கென்றது. அதை அங்கே கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றினேன். அவள் குளிக்கப் போனாள். அவர் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீடியோ. நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூட்டைச் சந்தில், தூரத்தில், எங்கள் மகள் வில்லோடு நிற்கிறாள். நாணை இழுக்கிறாள். அம்பின் நுனி நேராக எங்களைப் பார்க்கிறது. மேளம் நின்றுவிட்டதால் பொட்டலில் சத்தமே இல்லை. அந்த அமைதியில், ஃபோனுக்குப் பக்கத்திலேயே, ஆசையாக, ரகசியமாக ஒரு குரல் கேட்டது. அவருடைய குரல்.

"விடு தாயி. அப்பா இங்கனதான் இருக்கேன். விடு."

அவர் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அழ அழ மனசிலிருந்த பாரம் இறங்கியது. மனுசன் முழுசாக இருக்கிறார், கண்ணு ரெண்டும் இருக்கிறது, அழுகிறதற்குத் தெம்பும் இருக்கிறது, வேறு என்ன வேண்டும் எனக்கு?

ஈரத் தலையோடு வந்த மாரீஸ்வரி எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தாள். கவிழ்ந்து கிடந்த ஃபோனையும் பார்த்தாள். அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் தோளில் தலையைச் சாய்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்கப்பா," என்றாள். "வந்து எவ்வளவு வேணும்னாலும் கத்துங்க. ஸ்டான்லி சார்ட்ட நான் சொல்லிக்கிறேன்."