தைக்காதவளின் கூலி

தாராவி தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்தில் ரெனால்ட் நடத்திய தோல்பைப் பட்டறையில் பி.காம் முடித்தவள் கலைச்செல்வி ஒருத்திதான். மற்றவர்களில் பாதிப் பேர் ஐந்தாவதைத் தாண்டவில்லை. ஆங்கிலத்தில் வரும் மெயில்களுக்குப் பதில் எழுத அவளை மாதச் சம்பளத்துக்கு எடுத்திருந்தார். தைப்பவர்களுக்கு பீஸ் கணக்கு. தேறிய பைக்குத்தான் கூலி.

அவள் சேர்ந்த சமயத்தில் அனுப்பிய சரக்கில் பாதி திரும்பி வந்துகொண்டிருந்தது. ஆர்டர் கொடுக்கும் கம்பெனி அனுப்புகிற பைப் படத்தின் ஓரத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருப்பதை யாருமே படிக்கவில்லை என்பது அவளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. காலையில் மிஷின்கள் ஓடத் தொடங்கும் முன் நடுவில் நின்று, எந்தத் தோல் எந்தப் பக்கம், மடிப்பு எவ்வளவு, கைப்பிடிக்கு எத்தனை வரிசைத் தையல் என்று தமிழிலும் இந்தியிலும் சொன்னாள். அளவுகளை அட்டையில் வெட்டி ஒவ்வொருவரிடமும் கொடுத்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் சரக்கு திரும்பி வருவது ஏறக்குறைய நின்றுபோனது. பிரித்துத் தைக்கும் வேலை இல்லாததால் பைகளைக் கூடுதலாகத் தைக்க முடிந்தது, கூலியும் ஏறியது. தைப்பவர்களில் ஜம்பு வீட்டுக் கூரையை மாற்றினான். ஹாஃபிஸா மகளை டியூஷனில் சேர்த்தாள். ரெனால்ட் மாடியில் இன்னொரு அறை எடுத்துப் புது மிஷின்கள் போட்டார்.

கலைச்செல்வியின் சம்பளம் மட்டும் அப்படியே இருந்தது. தீபாவளி கழிந்ததும் மாடிக்குப் போய் அவளாகவே கேட்டாள்.

"அண்ணாச்சி, என் சம்பளத்தையும் கொஞ்சம் ஏத்திக் குடுங்க."

ரெனால்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் வேலையில நான் கொறை சொல்ல முடியுமாம்மா? ஆனா ஆர்டர் குடுக்க பார்ட்டி பீஸுக்குத்தான் துட்டு தருதான். நீ எத்தன பீஸ் தச்சேன்னு அவன்கிட்ட சொல்ல?"

"நான் தைக்கல. ஆனா நான் வந்த பொறவுதான சரக்கு வாபஸ் வரல?"

"எல்லாரும் இப்ப கவனமா தைக்காவ."

"முன்னாடியும் கவனமாத்தான் தச்சாங்க. என்ன தைக்கணும்னு தெரியாம தச்சாங்க."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "நானும் ரேட்ட ஏத்திக் கேட்டேன். இப்பதான் வேஸ்ட் இல்லையே, ரேட்ட கொறைங்கன்னு அவன் என்னியவே மடக்குதான்."

அது உண்மைதான். அந்த மெயிலை அவருக்குப் படித்துச் சொன்னவளே அவள்தான். ஆனாலும் மாடியறைக்கு வாடகை கொடுக்க அவரால் முடிந்திருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று கீழே இறங்கி வரும்போது எரிச்சலாக இருந்தது.

விஷயம் பட்டறையில் பரவிவிட்டது. இரண்டு நாள் கழித்து, சாயா குடிக்கும் நேரத்தில் ஜம்பு அவளிடம் ஒரு கவரை நீட்டினான்.

"எல்லாரும் போட்டிருக்கோம். மாசாமாசம் தாரோம். நீ வேற எங்கயும் போயிராத கலை."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவரு தர வேண்டியத நீங்க ஏன் தரணும்?"

"உன்னாலதான எங்களுக்குக் கூட வருது."

"எல்லாரும் சேந்து மேல போய் அவருகிட்ட ஒரு வார்த்த கேப்போம். வாரியளா?"

ஜம்பு கவரைப் பார்த்தான். ஹாஃபிஸா மிஷினுக்கு எண்ணெய் போடக் குனிந்தாள். ரெனால்ட் கோபப்பட்டு பீஸ் ரேட்டில் கை வைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அது நியாயமான பயம்தான் என்பதால் அவளால் திட்டவும் முடியவில்லை. கவரைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டாள்.

செம்பூரில் பெரிய துணிக்கடை ஒன்றில் பில் போடும் வேலை கிடைத்தது. டிகிரி இருந்தால்தான் எடுப்போம் என்றார்கள். சம்பளம் பட்டறையைவிடக் கூடுதல். துணியில் தொங்கும் அட்டையை மிஷின் முன் காட்ட வேண்டும், அது 'பீப்' என்றதும் அடுத்ததை எடுக்க வேண்டும். படித்ததில் ஒரு வரிகூட அங்கே தேவைப்படவில்லை. நாள் முழுக்க நின்று வீங்கிய காலோடு ரயிலேறும்போது, எதற்கு மூன்று வருடம் படித்தேன் என்று அவளுக்கு ஆத்திரம் வரும்.

பொங்கலுக்கு முன்னால் ஜம்பு போன் செய்தான். அவளுடைய இடத்துக்குப் பன்னிரண்டாவது படித்த ஒருவரை ரெனால்ட் குறைந்த சம்பளத்தில் வைத்திருந்தார். மாடியறையில் தைத்த சரக்கு முழுக்கத் திரும்பிவிட்டது.

"புது ஆர்டர் வந்திருக்கு. படத்த அனுப்புதேன், பாத்துச் சொல்லுதியா? இதுவும் வாபஸ் வந்தா எங்களுக்குக் கூலியே இல்ல."

"அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

"அவருதான் உன்கிட்ட கேக்கச் சொன்னாரு."

அவள் போனை வைத்துவிட்டாள். படம் வந்தது. திறக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், கடையின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து திறந்தாள். பொடி எழுத்துகளைப் பெரிதாக்கிப் படித்தாள். ஜம்புவுக்கு வாசிக்க வராது என்பதால் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினாள். "உள்பாக்கெட்டுக்கு மெல்லிசுத் தோல். ஓரம் ஒரு தடவதான் மடக்கணும், ரெண்டு தடவ இல்ல. கேட்டியளா, ஒரு தடவதான்."

டப்பாவில் பாதிச் சோறு மிச்சமிருந்தது. அதற்குள் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார்.