படத்தில் விழாத விரிசல்

கிரேனின் நீண்ட கை அதன் இரும்புக் கோபுரத்தோடு சேரும் இடத்தில், வெல்டிங்கின் மேல் மயிரிழையாய் ஒரு விரிசல். ஆபரேட்டர் பழந்துணியால் அதைத் துடைத்துவிட்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனை நீட்டினார். விரிசலும் கிரேனின் நம்பர் தகடும் ஒரே படத்தில் விழவேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். போனில் பார்த்தால் இரண்டும் பளிச்சென்று தெரிந்தன.

கேபினில் வந்து உட்கார்ந்து படத்தை ஆபீஸ் ஆப்பில் ஏற்றினார். கிரேன்மேல் ஏறிவிட்டால் மாலைவரை வாக்கிடாக்கிதான் துணை. பாதுகாப்பு அதிகாரியம்மா போனில் கூப்பிட்டார்.

"என்னங்க, ஒண்ணுமே தெரியலையே. பெயிண்ட் வழவழன்னு இருக்கு."

"என் போன்ல நல்லாத் தெரியுது மேடம்."

வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகளிடம் கேட்டார்.

"அந்த ஆப் படத்தச் சுருக்கித்தான்பா அனுப்பும். பெருசா இருக்கறத வெச்சுக்கிட்டு பொடிசையெல்லாம் தேச்சு அழிச்சிடும். சுருக்காம ஃபைலா அனுப்புங்க. மீட்டிங் இருக்கு, வெச்சிடறேன்."

இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்றிருந்தது அவருக்கு.

ஃபைலாக அனுப்பினால், அளவு அதிகம் என்று ஆப் திருப்பித் தள்ளியது. விரிசலை மட்டும் வெட்டி அனுப்பினார். இப்போது அதிகாரியம்மாவுக்கும் தெரிந்தது.

"ஆனா இது எந்த கிரேன்? நம்பரக் காணோமே!"

மறுபடி வெளியே போய், விரிசலை ஒட்டி சாக்பீஸால் கோடு கிழித்து, தகட்டோடு சேர்த்து எடுத்தார்.

"சாக்பீஸ் கோடுதாங்க தெரியுது."

"நீங்களே ஒருதரம் மேல வந்து பாத்துடுங்களேன், மேடம்."

"ஏறிப் பாக்கறதுக்கா இந்த ஆப்ப வாங்கி வெச்சிருக்கோம்?"

"கீழ ஆளுங்க நிக்கிறாங்க. நான் லோடு தூக்க மாட்டேன்."

"சர்டிபிகேட் அனுப்பறேன். அப்பவும் முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆள் ஏறட்டும்."

போன் கையில் இருந்தும் கூப்பிட ஆளில்லை. வாய்விட்டு அழலாம் போலிருந்தது. அழுதாலும் யாருக்கும் கேட்கப்போவதில்லை.

சர்டிபிகேட் வந்தது. 'குறை ஏதுமில்லை.' ஆதாரமாக அவர் அனுப்பிய முதல் படம். வழவழவென்ற மஞ்சள் பெயிண்ட், பக்கத்தில் நம்பர் தகடு. கீழே 'நேரில் பார்த்தவர்' என்ற இடத்தில் அவருடைய பெயர்.

வாக்கிடாக்கி கரகரத்தது. கீழே சிக்னல் காட்டுபவரின் குரல்.

"அண்ணே, கான்கிரீட் தொட்டி ரெடி. நம்மாளுங்க அடியிலதான் நிக்கிறாங்க, பதமாத் தூக்குங்க."

கண்ணாடிக்கு வெளியே வெல்டிங்கைப் பார்த்தபடியே, தொட்டியைத் தூக்கும் லீவரைப் பின்னுக்கு இழுத்தார்.