ஜோடியாக வந்தால்தான் சோதனை

ரோமா இனத்தார் குடியிருப்பான மகல்லாவின் முனையில் பரிசோதனைப் பேருந்து வந்து நின்றால் போதும், பெண்கள் வாசலில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஏறுவதற்கல்ல, எவள் ஏறுகிறாள் என்று பார்ப்பதற்கு. கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்குப் போனவள் சீக்காளி என்று சாயங்காலத்துக்குள் பேச்சாகிவிடும். சீக்காளி பெற்ற பெண்ணை யார் எடுப்பார்கள்? ஸ்லாத்காவின் மகளைச் செவ்தாவின் மகனுக்குப் பேசி முடித்து, நிச்சயம்தான் பாக்கி. அதனால் பேருந்தைக் கண்டாலே ஸ்லாத்காவுக்குத் துவைக்கத் துணி சேர்ந்துவிடும்.

இந்தத் தடவை பல்கலைக்கழக ஆய்வுக்காரர்கள் வீடு வீடாக வந்து, ஏன் வருவதில்லை என்று கேட்டார்கள். புத்திமதி சொல்லாமல் கேட்டுக்கொண்டு மட்டும் போனது அவளுக்கே அதிசயம். பிறகு சுகாதாரப் பணியாள் நெவேனா சோதனைக்கான சீட்டோடு ஸ்லாத்காவிடம் வந்தாள்.

"இனிமே ஜோடியாத்தான் வரணும்க்கா. யாரைக் கூட்டிட்டு வர்றதுன்னு நீயே பாரு."

"என் செருப்பைக் கூட்டிட்டு வரேன், போடி!"

மறுநாள் செவ்தாவே வாசலில் நின்றாள். "கெளம்புங்க சம்பந்தி. உங்களைத்தான் என் ஜோடியாப் போட்டிருக்கேன்."

ஸ்லாத்கா கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். மாட்டேன் என்றால் ஏதோ மறைக்கிறாள் என்றாகும். குதிரை வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல இவள் என்னைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று பொருமிக்கொண்டே போனாள். சம்பந்திகள் இருவரும் சேர்ந்து ஏறியதில், விதை கொறித்த வாய்களுக்கு யாரைப் பேசுவதென்று தெரியவில்லை.

முடிவு வந்தபோது ஸ்லாத்காவுக்கு ஒன்றுமில்லை. அன்றே செவ்தா வந்தாள். வைத்த காபியைத் தொடவில்லை.

"எனக்குத்தான் இருக்காம். ஆரம்பம்தான், சரியாயிடும்னாங்க. நீங்க வேற எடம் பாத்தாலும் தப்பா நெனைக்க மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு என்னை இழுத்துட்டுப் போனீங்க?"

"கொஞ்ச நாளா ரத்தம் படுது. தனியாப் போகப் பயமா இருந்துச்சு. வேற யாரைக் கூப்பிடுவேன்?"

ஸ்லாத்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இதையே அடுத்தவள் வந்து சொல்லியிருந்தால், அந்த நிமிஷமே தானே சம்பந்தத்தை முறித்திருப்பாள்.

மறுநாள் காலையில் செவ்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெரு நடுவில் நடந்தாள். வாசல்களில் விதை கொறிப்பது நின்றது.

"ஆஸ்பத்திரிக்குப் போறோம்," என்றாள் உரக்க. "எங்க சம்பந்திக்கு வைத்தியம். முடிஞ்சதும் கல்யாணம். வேற எதாச்சும் தெரியணுமா?"

முனை திரும்பும்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் மெல்லக் கேட்டது.

"ஸ்லாத்கா, அந்த பஸ் மறுபடி எப்ப வருது?"